பாண்டியனின் ஐயமும் நான்கு விடைகளும்: தமிழ்த் தொலைக்காட்சியின் கோடி ரூபாய் வினா நிகழ்ச்சிகள் – நன்னூல் வினா விடை நோக்கில்

ஆய்வுச் சுருக்கம்

கோடி ரூபாய்ப் பரிசை முன்வைக்கும் வினா நிகழ்ச்சிகள் 2000ஆம் ஆண்டு முதல் இந்தியத் தொலைக்காட்சியில் இடம்பெற்று வருகின்றன. இந்தியில் 'கோன் பனேகா குரோர்பதி' கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. தமிழில் அவ்வடிவம் 'கோடீஸ்வரன்', 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி', 'கோடீஸ்வரி' என மூன்று பெயர்களில் தோன்றித் தோன்றி நின்றுபோனது. இக்கட்டுரை அந்நிகழ்ச்சிகளின் வரலாற்றை நன்னூல் கூறும் ஆறு வினாக்கள், எட்டு விடைகள் ஆகியவற்றின் துணைகொண்டு வாசிக்கிறது. வினா எழுப்பப்படுவதற்கும் விடை பூட்டப்படுவதற்கும் இடையே நிலவும் ஐயமே இந்நிகழ்ச்சிகளின் உயிர் என்பதும், அந்த ஐயத்தின் இடம் சுருங்கியும் வேறொன்றால் நிரப்பப்பட்டும் வந்ததே அவற்றின் வரலாறு என்பதும் இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: வினா, விடை, நன்னூல், வினாடி வினா, தொலைக்காட்சி, கொடை வினா, உற்றது உரைத்தல், போட்டித் தேர்வு

முன்னுரை

வல்லம் எந்த மாவட்டத்தில் உள்ளது? (அ) தஞ்சாவூர் (ஆ) செங்கல்பட்டு (இ) விழுப்புரம் (ஈ) தென்காசி.

எடுத்துக்காட்டுக்காக இக்கட்டுரையாளர் அமைத்த வினா இது. நான்கும் சரியான விடைகளே. தஞ்சைக்கு அருகே ஒரு வல்லம் உண்டு; செங்கல்பட்டை அடுத்துப் பல்லவர் குடைவரைகள் அமைந்த வல்லம் உண்டு; குற்றாலத்தை ஒட்டி ஒன்று; செஞ்சி வட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கே பெயர் தந்து நிற்பது மற்றொன்று. செஞ்சிப் பகுதி மாணவர் ஒருவர் தயக்கமின்றி (இ) என்பார். தஞ்சை மாணவர் (அ) என்பார். இருவரும் தம் ஊரை அறிந்தவர்கள். ஆயினும் கணிப்பொறி ஒன்றையே ஏற்கும். இத்தகைய வினாவை எந்த வினாத் தயாரிப்பாளரும் ஒதுக்கிவிடுவார். ஒதுக்கப்படும் வினாக்களின் பட்டியல் நம்மிடம் இருந்தால், வினா நிகழ்ச்சிகள் எதை அறிவு என்று கருதுகின்றன என்பதை அது கேட்கப்பட்ட வினாக்களைவிடத் தெளிவாகக் காட்டும்.

தொலைக்காட்சி பற்றிய தமிழ் ஆய்வுகளில் நெடுந்தொடர்கள் பெற்ற கவனத்தை வினா நிகழ்ச்சிகள் பெறவில்லை. அவை பரிசுக்கான கேளிக்கை என்ற அளவில் கடக்கப்பட்டன. வினாவையும் விடையையும் இலக்கணப் பொருளாகவே வகுத்து ஆராய்ந்த மரபு தமிழினுடையது. தொல்காப்பியக் கிளவியாக்கம் வினாவையும் செப்பையும் வழுவாமல் காக்க வேண்டியவற்றுள் வைக்கிறது. வினாவுக்கு எதிர்வினா எழுப்புவதும் செப்பாகும் என்று ஒப்புகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாகவும், விடையைச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எட்டாகவும் பகுக்கிறது. இவ்வகைப்பாட்டைச் சின்னத்திரைமேல் பொருத்துவது பழமைக்குப் புதுச்சாயம் பூசும் முயற்சியன்று. வினா கேட்பவரின் உள்ளக்கருத்தைக் கொண்டே நன்னூல் வினாவை வகுக்கிறது. ஆகவே, 'இவர் ஏன் கேட்கிறார்?' என்ற கேள்வியை நிகழ்ச்சியின் முன் வைப்பதற்கு அதனினும் கூர்மையான கருவி வேறில்லை.

பெயர்களின் இலக்கணம்

இவ்வடிவத்தின் மூலம் பிரித்தானியாவின் ஐடிவி அலைவரிசையில் 1998 செப்டம்பர் 4 அன்று தொடங்கிய 'ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்?' நிகழ்ச்சியாகும். பதினைந்து வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், மூன்று உதவிகள், படிப்படியாக உயரும் தொகை என்பன அதன் கட்டமைப்பு. இந்தியில் 2000 ஜூலை 3 அன்று ஸ்டார் பிளஸில் அமிதாப் பச்சன் அதனைத் தொடங்கினார். 2007இல் ஷாருக் கான் நடத்திய ஒரு பருவம் நீங்கலாக இன்றுவரை அவரே நடத்தி வருகிறார். 2010 முதல் அது சோனி அலைவரிசைக்கு உரியது.

தமிழில் சன் தொலைக்காட்சியில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' நிகழ்ச்சியை நடத்தினார். பின்னர் விஜய் தொலைக்காட்சியில் 2012இல் சூர்யா, 2013இல் பிரகாஷ் ராஜ், 2016இல் அரவிந்த் சுவாமி ஆகியோர் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' நிகழ்ச்சியின் பருவங்களை நடத்தினர். 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் பெண்கள் மட்டுமே பங்கேற்ற 'கோடீஸ்வரி'யை ராதிகா சரத்குமார் தொடங்கினார். கணவர் தொடங்கிவைத்த வடிவத்தை ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின் மனைவி ஏற்ற தற்செயலை ஊடகங்கள் இரசித்தன. நமக்கு முக்கியமானது அதுவன்று. மூன்று அலைவரிசைகள், ஐந்து வினா எழுப்புநர்கள் என்பதே. மலையாளத்தில் சுரேஷ் கோபி ஒருவரே பருவந்தோறும் திரும்பி வந்தார். தமிழில் எவரும் அவ்வாறு நிலைக்கவில்லை.

பெயர்களைச் சற்று ஊன்றி நோக்கலாம். ஆங்கிலப் பெயரும் இந்திப் பெயரும் வினாக்கள், 'யார்?' என்று கேட்பவை. தமிழில் ஒரு பெயர்கூட வினாவாக அமையவில்லை. 'கோடீஸ்வரன்' படர்க்கை ஆண்பால் பெயர். செல்வம் ஆணின் பட்டமாக அங்கு நிற்கிறது. 'கோடீஸ்வரி' அதன் பெண்பால். இரண்டுக்கும் நடுவே வந்தது முன்னிலைத் தொடர்: 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'. அத்தொடரின் கனம் முழுவதும் உம்மையில் இருக்கிறது. 'மற்றவர் வென்றது போல நீங்களும்' என்று கொண்டால் அது எச்ச உம்மை. நிகழ்ச்சி விரும்பும் பொருள் அதுவே. ஆனால் விளம்பரத்தில் எளிய வீடுகளும் எளிய மனிதர்களும் காட்டப்படும்போது 'நீங்கள்கூட' என்னும் இழிவு சிறப்பும்மை அதில் ஒலிக்கத் தொடங்குகிறது. வெல்லத் தகாதவர் வெல்வதே வியப்பு என்னும் எண்ணம் அந்த ஓர் இடைச்சொல்லில் மறைந்திருக்கிறது. விகாஸ் ஸ்வரூப் 2005இல் எழுதிய 'க்யூ அண்ட் ஏ' புதினமும், அதனடியாக 2008இல் வந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' திரைப்படமும் இந்த உம்மையின் விரிவுரைகளே எனலாம். ஏழை இளைஞனுக்கு விடை தெரிந்திருப்பதே அங்கு காவல்துறையின் ஐயத்துக்குக் காரணமாகிறது.

ஐயம் யாருடையது?

பரிசுக்கு வினா விடுத்தல் தமிழருக்குப் புதிதன்று. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இடம்பெறும் தருமிக்குப் பொற்கிழி அளித்த படலத்தை 1965இல் ஏ. பி. நாகராசன் இயக்கிய 'திருவிளையாடல்' திரைப்படம் ஒவ்வொரு வீட்டின் நினைவாகவும் ஆக்கிவிட்டது. நாகேஷின் தருமியை நினையாமல் பரிசுக்காகக் காத்திருக்கும் போட்டியாளர் ஒருவரைத் தமிழர் பார்ப்பது அரிது. அக்கதையின் போட்டி விதியை மட்டும் தனியே எடுத்து நோக்குவோம். பாண்டியனுக்கு ஓர் ஐயம் எழுகிறது. பெண்ணின் கூந்தல் மணம் இயற்கையா, செயற்கையா என்று. அதைத் தீர்க்கும் பாடலுக்குப் பொற்கிழி. கேட்பவனுக்கு விடை தெரியாது. விடை பகர்வோன் அறிந்தவன். பகர்ந்த விடையும் இறுதியானதன்று. அவையில் நக்கீரர் எழுந்து பொருட்குற்றம் கூறுகிறார். குறுந்தொகையின் இரண்டாம் பாடலை மையமாகக் கொண்ட இக்கதையில் பரிசு, ஐயம், மறுப்பு ஆகிய மூன்றும் ஒரே அவையில் இடம்பெறுகின்றன.

தொலைக்காட்சி இவ்வமைப்பைத் தலைகீழாக்கியது. ஐயம் அரசனிடமிருந்து தருமிக்கு இடம்பெயர்ந்துவிட்டது. வினாவை எழுப்பும் நிறுவனத்துக்கு விடை முன்பே தெரியும். நன்னூல் நோக்கில் இது அறிவினா. மாணவனின் அறிவை அளக்க ஆசிரியர் கேட்பது. ஆனால் நான்கு விடைகளையும் உடன் வைத்தவுடன் வினாவின் தன்மை மாறுகிறது. கட்டையோ மனிதனோ என்று மயங்கும் ஐய வினாவின் வடிவத்தை அது பெறுகிறது. ஐயமே இல்லாத ஒருவர், ஐயத்தின் வடிவில் கேட்டு, எதிரிலிருப்பவரிடம் ஐயத்தை உண்டாக்குகிறார். நான்கு விடைகள் உதவிக்காகத் தரப்படுபவை என்று நாம் எண்ணுகிறோம். அவற்றுள் மூன்று, தெரிந்ததைத் தெரியாததாக்கும் பொருட்டு உழைத்து உருவாக்கப்பட்டவை. நல்ல தவறான விடையை எழுதுவதே இத்தொழிலின் கடினமான பகுதி.

தொகுப்பாளரின் நிலை இங்குத் தனித்துக் கருதத்தக்கது. கேட்கும் வாய் அவருடையது, அறிந்திருப்பது கணிப்பொறி. போட்டியாளர் தயங்கும்போது அவரும் உடன் தயங்குகிறார். விடை வெளிப்படும்போது அவரும் வியக்கிறார். அறிவினாவை அறியா வினாவைப் போல ஒலிக்கச் செய்வதே அவரது கலை. அமிதாப் பச்சன் இதற்கெனச் செம்மையான இந்தி வழக்கு ஒன்றை உருவாக்கினார். அவையை விளிக்கும் முறை, கணிப்பொறியையும் 'ஜி' சேர்த்து அழைக்கும் மரியாதை, விடையைப் பூட்டலாமா என்று செயப்பாட்டு வினையில் கேட்கும் பணிவு எல்லாம் ஆண்டுதோறும் அதே குரலில் திரும்ப ஒலித்து ஒரு மொழிச்சடங்காகவே நிலைத்தன. தமிழில் ஒவ்வொரு பருவத்திலும் வேறொரு குரல் வந்தது. சூர்யாவின் அணுக்கமும் பிரகாஷ் ராஜின் மிடுக்கும் அரவிந்த் சுவாமியின் நிதானமும் வெவ்வேறு அழகுடையவை. ஆயின் ஒன்றின்மேல் ஒன்று படியவில்லை. 'லாக்' என்ற சொல்லுக்குக்கூட மக்கள் நாவில் நிலைபெற்ற ஒரு தமிழ்ச்சொல் இந்நிகழ்ச்சிகளால் கிடைக்கவில்லை. 'வினாடி வினா' போன்ற ஓர் அருமையான சொல்லைப் படைத்துக்கொண்ட மொழியில் இது குறையே.

அச்சொல்லையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 'வினாடி' என்ற காலச்சொல்லை வினாவோடு எதுகைபோல் இணைத்ததால், விரைவு என்பது பொருளிலேயே புகுந்துவிட்டது. பிரித்தானிய மூல நிகழ்ச்சியிலோ தொடக்கத்தில் காலவரையறை இல்லை. போட்டியாளர் எவ்வளவு நேரமும் எண்ணலாம். தன் ஐயத்தை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தீர்க்கலாம். 2001இல் அங்கு ஓர் இராணுவ மேஜர் விடைகளை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்ல, சரியானதன்போது அரங்கிலிருந்து இருமல் எழுந்தது என்ற குற்றச்சாட்டு 2003இல் நீதிமன்றத்தில் உறுதியானது. மோசடிக்கே அந்த வாய்விட்ட ஐயம்தான் வழியானது என்பது அதன் இன்றியமையாமையைக் காட்டுகிறது. 2010இல் அங்கும் கடிகாரம் நுழைந்தது. ஐயுறுவதற்கான நேரம் அளந்து தரப்படலாயிற்று.

கொடையும் கொளலும்

கொடுக்கும் கருத்தோடு கேட்பது கொடை வினா. பிள்ளைகளிடம் 'உடை இல்லையா?' என்று வள்ளல் கேட்பது உரையாசிரியர்களும் பாடநூல்களும் காட்டும் வகைமை. கோடி ரூபாய் நிகழ்ச்சி தன்னைக் கொடை வினாவாகவே முன்னிறுத்துகிறது. காசோலையில் கையொப்பமிடும் காட்சி அதன் உச்சம். (அத்தொகையில் 30 விழுக்காடும் அதன்மேல் தீர்வையும் வருமான வரிச் சட்டத்தின்படி பிடிக்கப்படும் என்பதைக் காட்சி சொல்வதில்லை.) நன்னூல் கொடை வினாவுக்கு அருகிலேயே கொளல் வினாவை வைத்திருப்பது பொருளுடையது. வாங்கும் கருத்தோடு வணிகரிடம் கேட்பது கொளல்.

2007ஆம் ஆண்டு இந்திப் பருவத்தில் பார்வையாளர்களுக்கென ஒரு தனிப்போட்டி நடத்தப்பட்டது. திரையில் எழும் வினாவுக்குக் குறுஞ்செய்தி வழியே விடை அனுப்ப வேண்டும். ஒரு குறுஞ்செய்திக்கு ரூ. 2.40. சரியான விடை அனுப்பியவருள் ஒருவருக்குப் பரிசு. பரிசு இலவசமாகத் தரப்படுவது போன்ற தோற்றத்தை உண்டாக்கி, அதன் செலவைக் குறுஞ்செய்திக் கட்டணத்திலிருந்தே பெறுவது முறையற்ற வணிகம் என்று வழக்கு எழுந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் ஒரு கோடி ரூபாய் தண்டத்தொகை விதித்தது. பரிசுத்தொகை அக்கட்டணத்திலிருந்து வந்தது என்பதற்குப் போதிய சான்றில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் 2019இல் அவ்வாணையை நீக்கியது. சட்டத்தின் முடிவு அது. இலக்கணத்தின் கேள்வி வேறு. இலட்சக்கணக்கானோரை நோக்கி ஒரே வினா எழுப்பப்படும்போது, கேட்பவரின் உள்ளக்கருத்து கொடையா, கொளலா? ஒருவருக்குக் கொடையாகவும் மற்றெல்லாருக்கும் கொளலாகவும் ஒரே வினா ஒரே நேரத்தில் இருக்க இயலும் என்பதை முகத்துக்கு முகம் நிகழும் உரையாடலை அடிப்படையாகக் கொண்ட மரபிலக்கணம் எண்ணிப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. வெகுசன ஊடகம் உருவாக்கிய ஏழாம் வினா இது.

உற்றது உரைத்தல்

எட்டு விடைகளுள் சுட்டு, மறை, நேர் ஆகியவை நேரடி விடைகள். ஏனைய ஐந்தும் சுற்றி வந்து விடையாவன. 'ஆடுவாயா?' என்றதற்குக் 'கால் வலித்தது' என்பது உற்றது உரைத்தல். 'கால் வலிக்கும்' என்பது உறுவது கூறல். 'பாடுவேன்' என்பது இனமொழி. கணிப்பொறிக்கு வேண்டியது சுட்டு விடை மட்டுமே. அ, ஆ, இ, ஈ என்று சுட்டினால் போதும். ஆனால் எவரும் வெறும் சுட்டுவிடையைக் காணத் தொலைக்காட்சி முன் அமர்வதில்லை. போட்டியாளர் விடை பூட்டுவதற்கு முன், 'பள்ளியில் ஆசிரியர் சொன்ன நினைவு', 'பாட்டி இந்தக் கதையை வேறு மாதிரி சொல்வார்', 'இந்த ஊர்வழியாகப் பேருந்தில் போயிருக்கிறேன்' என்றெல்லாம் சொல்வதைக் கேட்கவே அமர்கிறோம். இவை உற்றது உரைத்தல். அறிவு எந்த வழியாக ஒருவரிடம் வந்து சேர்ந்தது என்னும் செய்தி அவற்றில் உள்ளது. இந்நிகழ்ச்சிகளில் இலக்கியம் என்று கருதத்தக்க ஒன்று உண்டெனில் அது அந்தச் சில நிமிடங்களில்தான் உண்டு.

இதற்கு நம் ஊரிலிருந்தே ஒரு சான்று தரலாம். செஞ்சியைச் சூழ்ந்த சிற்றூர்களில் தேசிங்கு ராஜன் கதை இன்னும் நினைவில் உள்ளது. வரலாறு அவனைத் தேஜ் சிங் என்கிறது. 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு பொருது இளமையில் மாண்டவன். கதைப்பாடலோ தில்லிப் பாதுஷாவின் முரட்டுக் குதிரையை அடக்கியவன் என்று பாடுகிறது. திருமணக் கோலத்தை நீத்துப் போருக்கு வந்த இசுலாமிய நண்பனையும் அவனோடு சேர்த்துப் பாடுகிறது. தேசிங்கின் குதிரையின் பெயர் என்ன? பாராசாரி என்பாரும் உண்டு, நீலவேணி என்பாரும் உண்டு. நீலவேணி நண்பனின் குதிரை என்று திருத்துவோரும் உண்டு. கதை சொல்பவரிடம் இவ்வினாவை எழுப்பினால் ஒரு மாலைப்பொழுது கழியும். பதிப்பாசிரியரிடம் எழுப்பினால் பாடவேறுபாடு என்று அடிக்குறிப்பு எழுதுவார். நான்கு விடைகளுள் ஒன்றாகக் கேட்டால் ஒருவரை வெளியேற்றும். வாய்மொழி மரபின் வளமே இங்குப் பிழையாகிவிடுகிறது. 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலத்தோற்றங்களுள் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபின், பொதுஅறிவு நூல்களில் செஞ்சி ஒற்றை வரியாக நுழைந்துவிட்டது. அந்த வரியில் தேசிங்குக்கு இடமில்லை.

நிகழ்ச்சிகளைத் தயாரிப்போர் உற்றது உரைத்தலின் ஆற்றலை நன்கு அறிந்திருந்தனர். 2010க்குப் பின் இந்தி நிகழ்ச்சியில் போட்டியாளரின் ஊர், வீடு, வறுமை, கனவு ஆகியவற்றைக் காட்டும் சிறு படங்கள் முதன்மை பெற்றன. 2011இல் பீகாரின் மோதிஹாரியைச் சேர்ந்த, ஊரக வேலை உறுதித் திட்டத்தில் கணினி இயக்குநராகப் பணியாற்றிய இளைஞர் ஐந்து கோடி வென்றது இப்போக்கை உறுதிப்படுத்தியது. தமிழ்ப் பருவங்களும் அவ்வழியே சென்றன. இங்கு நிகழ்ந்த மாற்றம் நுட்பமானது. வினாவுக்கு விடையாகப் பிறந்த உற்றது உரைத்தல், வினாவிலிருந்து பிரிந்து வினாவுக்கு முன்பே தயாரித்து வைக்கப்பட்டது. ஐயத்தின் நடுவே தற்செயலாக வெளிப்பட்ட வாழ்க்கை, இசைப் பின்னணியோடு தொகுக்கப்பட்ட படச்சுருளானது. முன்னது போட்டியாளரின் உரை. பின்னது அவரைப் பற்றிய உரை. 'கோடீஸ்வரி' இதில் மிகைக்குச் சென்றது என்பது இக்கட்டுரையாளரின் மதிப்பீடு. பெண் என்றாலே சொல்வதற்குத் துயரம் ஒன்று இருந்தாக வேண்டும் என்பதுபோல் அதன் அறிமுகங்கள் அமைந்தன.

ஆனால் அதே நிகழ்ச்சியில்தான் இக்கருத்தைத் தடுமாறச் செய்யும் ஒன்றும் நிகழ்ந்தது. 2020 ஜனவரியில் மதுரையைச் சேர்ந்த, செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத ஒரு பெண் ஒரு கோடி ரூபாய் வென்றார். குரலின் ஏற்ற இறக்கம், தயக்கம், அழுத்தம் ஆகியவற்றின்மேல் கட்டப்பட்ட ஒரு வடிவத்தில் பேச்சொலியின்றி ஒருவர் இறுதிப்படி வரை ஏறினார். தொகுப்பாளரின் குரல் மாற்றத்திலிருந்து குறிப்புப் பெற அவருக்கு வாய்ப்பில்லை; அரங்கின் முணுமுணுப்பும் அவரை எட்டாது. திரையில் எழுத்தாக நின்ற வினாவும் அவருடைய வாசிப்பும் மட்டுமே அங்கு எதிரெதிர் நின்றன. தொகுப்பாளர் சார்ந்தே இந்நிகழ்ச்சிகள் நிற்கின்றன என்று மேலே கூறியதற்கு அது ஒரு விலக்கு. அவ்விலக்கை விளக்க நன்னூல் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனமொழி ஆட்டங்கள்

நான்கு விடைகளைச் சாராத வினா நிகழ்ச்சிகளும் தமிழில் இருந்தன. விஜய் தொலைக்காட்சியில் ஜேம்ஸ் வசந்தன் நடத்திய 'ஒரு வார்த்தை ஒரு லட்சம்' நிகழ்ச்சியில் ஒருவர் குறிப்புத் தர, இணையர் சொல்லைக் கண்டறிய வேண்டும். குறிப்புத் தருபவர் செய்வது இனமொழி. சொல்லைக் கூறாமல் அதற்கு இனமானவற்றைக் கூறி அதனிடம் அழைத்துச் செல்வது நிகண்டு கற்றவர்க்குப் பழகிய பாதை. 2006இல் தொடங்கிய மக்கள் தொலைக்காட்சியின் 'தமிழ் பேசு தங்கக்காசு' இன்னும் எளியது. பிறமொழி கலவாமல் பேசினால் பரிசு. 'பேசுகிறீர்களா?' என்ற ஏவல் வினாவைத் தவிர அதில் வினாவே இல்லை. தூய்மைவாதம் என்று அதனை எள்ளியோர் உண்டு. ஆயின் போட்டியாளரின் வாயிலிருந்து எழும் முழுச்சொற்றொடரே அங்கு விடை. எந்தப் பட்டியலிலும் அது முன்கூட்டியே இல்லை. பணத்தின் அளவில் இவை கோடி ரூபாய் நிகழ்ச்சிகளின் அருகில் நிற்க முடியாதவை. மொழிக்கு அவை விட்ட இடமோ மிகுதி.

அரங்கிலிருந்து தேர்வறைக்கு

இவ்வாராய்ச்சி தொலைக்காட்சியோடு நின்றுவிடக் கூடியதன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் தகுதித் தேர்வு (நெட்) 2012 ஜூன் முதல் முழுமையாகக் கொள்குறி வகைக்கு மாறியது. அதுவரை மூன்றாம் தாள் விரிவான விடை எழுதும் தாளாக இருந்தது. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் 200 வினாக்களுள் 100 தமிழ் வினாக்கள். எல்லாம் கொள்குறி வகையின. இக்கட்டுரையை வாசிக்கும் ஆய்வாளர் பெரும்பாலோர் இவ்வாயில்களுள் ஒன்றன் வழியாகவே வந்திருப்பர், அல்லது வரக் காத்திருப்பர். நூலாசிரியர்–நூல், பாவகை–அடியளவு, திணை–கருப்பொருள் என்று இணைகளாக இலக்கியத்தை மனனம் செய்யும் முறை சிறு நகரப் பயிற்சி வகுப்பு வரை பரவிவிட்டது. கோடி ரூபாய் நிகழ்ச்சி இதற்குக் காரணம் என்று கூறுவது மிகையாகும். எண்ணற்றோரை விரைவாகவும் முறையீட்டுக்கு இடமின்றியும் வடிகட்ட வேண்டும் என்ற ஒரே தேவை இரண்டையும் ஈன்றது.

வினா நிகழ்ச்சியைத் தாழ்த்தியும் தேர்வை உயர்த்தியும் மதிப்பது நம் வழக்கம். வினா விடை இயல் நோக்கில் ஒப்பிட்டால் முடிவு வேறாகிறது. நிகழ்ச்சியில் போட்டியாளர் தம் ஐயத்தை உரக்கச் சொல்லலாம். நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைக்கலாம். அவையின் கருத்தைக் கேட்கலாம். சான்றோர் அவையின் எளிய நிழல் ஒன்று அதில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் விலகிக்கொள்ளலாம். தமிழில் 'விடை' என்ற சொல்லுக்கு மறுமொழி என்றும் போதற்கு இசைவு என்றும் இரு பொருளுண்டு. விடை கூற இயலாதவர் அதுவரை ஈட்டியதோடு விடை பெறலாம் என்பது அந்நிகழ்ச்சியின் விதி. தெரியாமையை மதிப்பிழக்காமல் ஒப்புக்கொள்ளும் வழி அது.

தேர்வறையில் இவை எதுவும் இல்லை. 2020இல் அரசுப் பணியாளர் தேர்வாணையம் தன் விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டத்தைச் சேர்த்தது: 'விடை தெரியவில்லை'. முறைகேட்டைத் தடுப்பதற்கான ஏற்பாடு அது; நிரப்பாமல் விட்ட வட்டத்தைப் பின்னர் எவரும் நிரப்பிவிடக் கூடாது. தெரியாதவர் தெரியாது என்பதையும் கறுப்பு மையால் நிரப்பியாக வேண்டும். அறிவினாவுக்கு நான்கு வட்டங்கள், அறியாமைக்கு ஒரு வட்டம் என்று கணக்கு முடிந்தது. வல்லம் எந்த மாவட்டத்தில் உள்ளது என்ற வினா அத்தாளில் வருமாயின், நான்கு வல்லங்களையும் அறிந்த மாணவர் எந்த வட்டத்தை நிரப்புவார்? தம் ஊர் விழுப்புரத்தில் இருப்பதால் (இ) என்று நிரப்பலாம். வினா எழுதியவர் தஞ்சையை எண்ணியிருப்பார் என்று கருதி (அ) என்றும் நிரப்பலாம். எந்த வல்லம் என்று திருப்பிக் கேட்பதற்கு மட்டும் அத்தாளில் இடமில்லை.